பெட்டி அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும்: லிஞ்ச் என்ற சுரங்க ஊரும் ஒரு பல்கலைக்கழகக் காப்பகமும்

அமெரிக்காவில் மே மாதக் கடைசித் திங்கட்கிழமை நினைவு நாள் விடுமுறை. அதை ஒட்டிய வார இறுதியில், கென்டக்கி மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் மலையடிவாரத்தில் இருக்கும் லிஞ்ச் என்ற சின்ன ஊருக்குள் வெளிமாநில நம்பர் பிளேட்டோடு கார்கள் வந்து சேரும். ஓஹையோ, மிச்சிகன், இல்லினாய், இந்தியானா என்று பல ஊர் வண்டிகள். வருகிறவர்கள் கறுப்பினக் குடும்பங்கள். பெரியவர்கள் அங்கே பிறந்து வளர்ந்தவர்கள். கூட வரும் பிள்ளைகளுக்கு அது தாத்தா பாட்டி ஊர். கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள், பழைய பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள், பழைய கதை பேசுவார்கள், திங்கள் மாலை கிளம்பிவிடுவார்கள். ஊர்க் கொடைக்குச் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வந்து இறங்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

1940களில் சுமார் 10,000 பேர் வாழ்ந்த ஊர் லிஞ்ச். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 700 பேர்கூட இல்லை. அப்படிக் காலியான ஊரின் வரலாறு எங்கே இருக்கும்? ஊரில் இருக்காது. டெட்ராய்ட்டில் ஒரு அலமாரியில், கிளீவ்லண்டில் ஒரு கட்டிலுக்கடியில், சிகாகோவில் ஒரு பாட்டியின் ஞாபகத்தில் என்று சிதறிக் கிடக்கும். அதைக் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு பல்கலைக்கழகக் காப்பகம் எப்படிச் சேர்த்தது, சேர்க்கும்போது தன் பழைய பழக்கங்களில் எதையெல்லாம் விட வேண்டியிருந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கம்பெனி கட்டிய ஊர்

லிஞ்ச் தானாக முளைத்த ஊர் இல்லை. யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தின் துணை நிறுவனமான யு.எஸ். கோல் அண்ட் கோக், 1917-ல் தன் எஃகு ஆலைகளுக்குத் தேவையான நிலக்கரிக்காகக் காட்டை வெட்டிக் கட்டிய ஊர். வீடு கம்பெனியுடையது. கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாமே கம்பெனி கட்டியவை. கூலியில் ஒரு பகுதி கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும் டோக்கனாக வந்தது. ஊரின் பெயரைக் கேட்டதும் கறுப்பர்களைக் கும்பலாகச் சேர்ந்து அடித்துக் கொன்ற ‘லிஞ்சிங்’ என்ற அந்தக் கொடுமைதான் நினைவுக்கு வரும். ஆனால் பெயர் வந்தது கம்பெனியின் முதல் தலைவர் தாமஸ் லிஞ்ச்சிடமிருந்து. தற்செயல்தான். ஆனாலும் அலபாமாவிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஒருவருக்கு அந்த ஊர்ப்பெயர்ப் பலகை எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அலபாமாவிலிருந்துதான் பலரும் வந்தார்கள். சுரங்க வேலைக்கு ஆள் பிடிக்கும் தரகர்கள் அங்கே போய்க் கறுப்பின ஆண்களை அழைத்து வந்தார்கள். அங்கே குத்தகை விவசாயத்தில் தீராத கடன். சிறைக் கைதிகளைச் சுரங்க முதலாளிகளுக்கு வாடகைக்கு விடும் முறை வேறு 1928 வரை அந்த மாநிலத்தில் நடந்துகொண்டிருந்தது. லிஞ்ச்சில் வேலை கடுமைதான், ஆனால் கூலி கைக்கு வந்தது. ஹங்கேரியர், இத்தாலியர், போலந்துக்காரர் என்று ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களும் அதே சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். கீழே எல்லோர் முகமும் ஒரே கருப்பு. மேலே வந்து குளித்ததும் பள்ளிக்கூடம் தனி, தெரு தனி.

இந்தத் தனிப் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லிஞ்ச் கறுப்பர் பள்ளி, கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து வைத்த சட்டத்தால் உருவானது. அதில் படித்தவர்களிடம் கேட்டால் அதை அவமானச் சின்னமாக மட்டும் பேசுவதில்லை. அது அவர்களுடைய பள்ளி. அவர்களுடைய ஆசிரியர்கள், அவர்களுடைய பேண்டு வாத்தியக் குழு, அவர்களுடைய விளையாட்டு அணி. 1960களில் இரு இனப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கும் ஒருங்கிணைப்பு வந்தபோது மூடப்பட்டது அந்தப் பள்ளிதான். பிள்ளைகள் வெள்ளையர் பள்ளிக்குப் போனார்கள். சமத்துவம் வந்தது என்று பாடப் புத்தகம் எழுதும் இடத்தில், எங்கள் பள்ளி போய்விட்டது என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் உண்மை. இந்த இரண்டாவது உண்மை எந்த அரசாங்கக் கோப்பிலும் கிடைக்காது, வாயால் சொன்னால்தான் உண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இயந்திரங்கள் சுரங்கத்துக்குள் இறங்கின. பத்துப் பேர் செய்த வேலைக்கு ஓரிருவர் போதும் என்றானது. முதலில் வேலை போனது கறுப்பர்களுக்கு. மூத்தவர்கள் சமாளித்துக்கொண்டு அங்கேயே இருந்தார்கள். பள்ளியை முடித்த பிள்ளைகள் வடக்கே கிளம்பினார்கள். அலபாமாவிலிருந்து அப்பா வந்தார், கென்டக்கியிலிருந்து பிள்ளை போனார். ஒரே குடும்பத்தில் இரண்டு தலைமுறைக்குள் இரண்டு முறை ஊர் மாறியது.

போனவர்கள் ஊரை விட்டுவிடவில்லை. 1960களின் இறுதிவாக்கில் ‘கிழக்குக் கென்டக்கி சோஷியல் கிளப்’ என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். குடியேறிய நகரங்களில் எல்லாம் கிளைகள். ஆண்டுக்கொரு முறை செப்டம்பர் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் தின விடுமுறையில் ஏதாவது ஒரு நகரத்தில் பெரிய கூட்டம். மே மாதம் ஊருக்கே திரும்பிப் போகும் பயணம் தனி. இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பல்கலைக்கழகம் வந்துதான் இவர்கள் தங்கள் வரலாற்றைப் பாதுகாக்கத் தொடங்கினார்கள் என்று யாராவது எழுதினால் அது தவறு. காப்பகம் வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சங்கமே ஒரு நடமாடும் காப்பகமாகத்தான் இருந்தது. அதற்குக் கட்டிடமும் கேட்லாகும் மட்டும் இல்லை, அவ்வளவுதான்.

பேட்டி எடுக்க வந்த பேத்தி

கரிடா பிரவுன் சமூகவியலாளர். ரோட் ஐலண்டில் உள்ள பிரவுன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார் (பெயர்ப் பொருத்தம் தற்செயல்). நியூயார்க் மாநிலத்து லாங் ஐலண்டில் வளர்ந்தவர். ஆனால் பெற்றோரின் வேர் லிஞ்ச்சில். சிறு வயதிலிருந்தே அந்தக் கூட்டங்களுக்குப் போய் வந்தவர். 2013-ல் கிழக்குக் கென்டக்கி ஆப்பிரிக்க அமெரிக்கர் இடப்பெயர்வுத் திட்டத்தைத் தொடங்கினார். ஊரில் மிச்சம் இருந்தவர்களையும் நகரங்களுக்குப் போனவர்களையும் தேடிப் போய், 150-க்கும் மேற்பட்ட வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகளைப் பதிவு செய்தார். அந்தப் பேட்டிகளை அடித்தளமாகக் கொண்ட அவருடைய நூலை 2018-ல் வட கரோலினா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது.

ஆய்வு மாணவர்கள் பேட்டி எடுப்பது புதிதல்ல. பேட்டி எடுத்துப் பட்டம் வாங்கிக்கொண்டு, ஒலி நாடாக்களை அட்டைப்பெட்டியில் போட்டு வைத்து, வீடு மாறும்போது தொலைப்பதும் புதிதல்ல. பேட்டி கொடுத்தவருக்கு ஒரு பிரதிகூடக் கிடைக்காது. இந்தத் திட்டத்தில் அந்த வழக்கம் உடைந்தது. பதிவுகள் ஆய்வாளரின் சொத்தாக நிற்காமல், வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் வில்சன் நூலகத்துக்குள் இருக்கும் தென் வரலாற்றுத் தொகுப்புக்கு (அமெரிக்கத் தென் மாநிலங்களின் ஆவணங்களைச் சேர்க்கும் காப்பகம்) ஒரு தனித் தொகுப்பாகப் போய்ச் சேர்ந்தன. குடும்பங்கள் வைத்திருந்த புகைப்படங்களும் காகிதங்களும் அந்தத் தொகுப்புக்குள் வந்தன.

ஏன் புகைப்படம் இவ்வளவு முக்கியம்? லிஞ்ச்சைப் படம் பிடிக்க ஆளில்லாமல் இல்லை. கம்பெனியே நிறைய எடுத்திருக்கிறது. அவை பக்கத்து ஊரான கம்பர்லண்டில் சமுதாயக் கல்லூரியின் அப்பலேச்சியக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நல்ல படங்கள்தான். ஆனால் கம்பெனி எடுக்கும் படத்தில் கரி ஏற்றும் கோபுரம் நடுவில் இருக்கும், மனிதர்கள் அதன் அளவைக் காட்டுவதற்காக ஓரத்தில் நிற்பார்கள். வீட்டில் எடுத்த படத்தில் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, வாசற்படி, பின்னால் எட்டிப் பார்க்கும் நாய், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட சித்தி. யார் யாருடைய பிள்ளை என்பது அந்தப் படத்தின் பின்பக்கத்தில் பென்சிலில் எழுதியிருக்கும், அல்லது அதை எடுத்து வைத்திருந்தவருக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

படத்துக்கு அடுத்தது இறுதிச் சடங்கு மலர். கறுப்பினத் தேவாலயங்களில் இறுதிச் சடங்குக்கு வருகிறவர்களுக்கு நாலைந்து பக்கத்தில் ஒரு சின்ன வெளியீடு கொடுப்பார்கள். இறந்தவரின் படம், எங்கே பிறந்தார், எந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தார், எந்தச் சபை, யார் யாரை விட்டுச் சென்றிருக்கிறார் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். நம் ஊரில் சுவரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி மழையில் கரைந்து போகும், இது பைபிளுக்குள் மடித்து வைக்கப்படும். தென் மாநிலப் பத்திரிகைகள் கறுப்பர்களின் மரணத்தைக் கண்டுகொள்ளாத காலத்தில், பல குடும்பங்களுக்கு இதுதான் ஒரே எழுத்து ஆதாரம். ஜார்ஜியாவின் டிஜிட்டல் நூலகம் இதற்கென்றே தனித் தொகுப்பு வைத்திருக்கிறது. குடும்ப மரம் தேடுகிறவர்களுக்கு இந்த நாலு பக்கம் நாற்பது அரசாங்க ஆவணத்துக்குச் சமம்.

பெட்டியைத் தூக்கிய காலம்

இந்தத் தொகுப்பு போய்ச் சேர்ந்த இடத்தின் கதையைச் சொல்லாமல் இந்த ஆய்வு முழுமையாகாது. தென் வரலாற்றுத் தொகுப்பு 1930-ல் முறையாக நிறுவப்பட்டது. நிறுவியவர் ஜே.ஜி.டி. ரூலாக் ஹாமில்டன் என்ற வரலாற்றுப் பேராசிரியர். தென் மாநிலங்கள் முழுக்க ஃபோர்டு காரில் சுற்றினார். பழைய தோட்ட முதலாளிகளின் வீட்டுப் பரண்களில் ஏறி, கடிதங்கள், நாட்குறிப்புகள், கணக்குப் புத்தகங்கள் என்று பெட்டி பெட்டியாக இறக்கிக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவருக்கு ‘ரான்சாக்’ என்றே பட்டப்பெயர். சூறையாடுபவர் என்று பொருள். தங்கள் மாநிலத்துப் பொக்கிஷத்தை அள்ளிக்கொண்டு போகிறாரே என்று மற்ற மாநிலத்துக்காரர்களுக்கு அவர்மேல் கோபம்.

அவர் உழைப்பைக் குறை சொல்ல முடியாது. அவர் இறக்கியிருக்காவிட்டால் அதில் பாதி கரையானுக்குப் போயிருக்கும். ஆனால் எந்தப் பரணில் ஏறுவது என்பதை அவரே தீர்மானித்தார். அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் டன்னிங்கின் மாணவர். உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பர்களுக்கு வாக்குரிமை கொடுத்ததே தவறு என்று வரலாறு எழுதிய சிந்தனைப் பள்ளி அது. ஹாமில்டனும் அப்படித்தான் எழுதினார். அவர் சேர்த்த காகிதங்களில் கறுப்பர்கள் இல்லாமல் இல்லை, அடிமைகளாக நிறையவே இருக்கிறார்கள். பெயர் ஒரு பத்தி, வயது ஒரு பத்தி, விலை ஒரு பத்தி என்று முதலாளியின் கணக்குப் புத்தகத்தில், கழுதைக்கும் கலப்பைக்கும் நடுவில்.

யாருடைய காகிதம் உள்ளே வருகிறது என்பது ஒரு கேள்வி. யார் உள்ளே வந்து படிக்கலாம் என்பது இன்னொன்று. 1939-ல் கறுப்பின வரலாற்றாளர் ஜான் ஹோப் ஃபிராங்க்ளின், பக்கத்து ராலே நகரில் உள்ள வட கரோலினா மாநில ஆவணக் காப்பகத்துக்கு ஆய்வுக்காகப் போனார். அவரைப் போன்ற ஒருவர் வருவார் என்று கட்டிடத்தைக் கட்டியவர்கள் எண்ணவே இல்லை. சில நாள் அவகாசம் கேட்டு ஒரு தனி அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். வெள்ளை ஊழியர்கள் அவருக்குக் கோப்பு எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்குமே என்பதற்காக, ஆவண அறையின் சாவியையே அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். இவருக்கு மட்டும் நேரே உள்ளே போக அனுமதியா என்று வெள்ளை ஆய்வாளர்கள் புகார் செய்ததும் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இனவாதம் சில சமயம் தன்னைத்தானே இடறிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1938-ல், வட கரோலினா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த பாலி மரே என்ற இளம்பெண்ணை, கறுப்பினத்தவர் என்பதாலேயே பல்கலைக்கழகம் நிராகரித்தது. பின்னாளில் நாடறிந்த சட்ட அறிஞர் ஆனவர் அவர். 2020-ல், ஹாமில்டன் பெயரில் இருக்கும் கட்டிடத்தில் இயங்கும் வரலாறு, சமூகவியல் முதலிய துறைகள் சேர்ந்து, அந்தக் கட்டிடத்தை இனிப் பாலி மரே பெயராலேயே அழைப்போம் என்று அறிவித்தன.

இப்படிப்பட்ட நிறுவனத்திடம் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள் தன் அம்மாவின் புகைப்பட ஆல்பத்தை ஏன் கொடுக்க வேண்டும்? இந்தத் திட்டத்தின் மையக் கேள்வி இதுதான். ஸ்கேனர் எது, எத்தனை டிபிஐ துல்லியம் என்பதெல்லாம் இதற்கு அப்புறம்.

பெட்டியை இறக்கி வைத்தது

அசல் உங்களிடமே இருக்கட்டும். காப்பகத்துக்காரர்கள் கண்டுபிடித்த பதில் கேட்க எளிது, செய்யக் கடினம். நகல் எங்களிடம் இருக்கும், விவரத்தை நாம் சேர்ந்து எழுதுவோம். இதற்குத் துறைக்குள் ‘போஸ்ட் கஸ்டோடியல்’ என்று ஒரு பெயர் உண்டு. ஜெரால்டு ஹாம் என்ற அமெரிக்கக் காப்பகவியலாளர் 1981-ல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய சொல். பொருளைக் கைப்பற்றி வைத்திருப்பதுதான் காப்பகத்தின் வேலை என்ற எண்ணத்தைத் தாண்டிப் போவது என்று பொருள் கொள்ளலாம்.

2017-ல் மெலன் அறக்கட்டளை இந்த வழியைப் பெரிய அளவில் சோதித்துப் பார்க்க மூன்றாண்டுகளுக்கு 8,77,000 டாலர் கொடுத்தது. அப்போது தென் வரலாற்றுத் தொகுப்பின் இயக்குநர் பிரையன் கீம்ஸா. ஆப்பிரிக்க அமெரிக்கத் தொகுப்புகளைக் கவனித்துவந்த காப்பாளர் சேட்ரா பவல் களத்தில் முன்னின்றார். கரிடா பிரவுனின் திட்டம் நான்கு கூட்டாளிகளில் ஒன்று. டெக்சஸின் சான் அன்டோனியோவில் ஒரு கறுப்பினச் சமூகக் காப்பகம் இன்னொன்று. 1970களில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மாணவர்கள் அப்பலேச்சிய மலை ஊர்களில் நடத்திய மருத்துவ முகாம்களின் கதையைச் சேர்க்கும் குழு மூன்றாவது. நான்காவது, கறுப்பர்களே உருவாக்கி ஆண்ட பழைய ஊர்களின் கூட்டமைப்பு. ஃபுளோரிடாவின் ஈட்டன்வில், மிசிசிபியின் மவுண்ட் பேயூ (இரண்டும் 1887), அலபாமாவின் ஹாப்சன் சிட்டி (1899) போன்றவை அதில் உண்டு. நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தொகுத்த எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன் வளர்ந்தது இந்த ஈட்டன்வில்லில்தான்.

இந்த முயற்சியில் எல்லோர் கண்ணிலும் பட்டது முதுகுப் பை. ஒரு பள்ளிக்கூடப் பையில் கையடக்க ஒலிப்பதிவுக் கருவி, மைக், பென் டிரைவ், என்ன கேட்கலாம் என்று எழுதிய அட்டைகள், எதை எப்படி அழுத்த வேண்டும் என்ற எளிய குறிப்பு; ஸ்கேன் செய்வதற்கான பை தனி. இதைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகலாம், அல்லது ஊர்க்காரர்களிடமே கொடுத்துவிட்டு வரலாம். 2018 வாக்கில் பத்திரிகைகள் இதை விரும்பி எழுதின. மெக்சிகோவின் யுகாட்டான் பகுதியில் மாயா மொழி பேசும் பள்ளிப் பிள்ளைகள்கூட, தங்கள் ஊர்ச் சுண்ணாம்புப் பாறைக் கிணறுகளைப் பற்றிப் பெரியவர்களிடம் கதை கேட்க இந்தப் பைகளைப் பயன்படுத்தினார்கள்.

பை ஒரு நல்ல விளம்பரம். ஆனால் அதற்குள் இருக்கும் கருவிகள் எந்த எலக்ட்ரானிக் கடையிலும் கிடைக்கும். அதில் புதிதாக இருப்பது கேள்வி அட்டைதான். ஹாமில்டன் காலத்தில் எது வரலாறு என்பதைக் காரில் வந்து இறங்கியவர் முடிவு செய்தார். இப்போது ஒரு பேத்தி தன் பாட்டியின் எதிரே உட்கார்ந்து, கருவியை ஆன் செய்து, அட்டையில் இருக்கும் முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு, அப்புறம் அட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தனக்குத் தோன்றியதைக் கேட்கலாம். வெளியாளிடம் சொல்லாத பதில் அங்கேதான் வரும். வெளியாளிடம் மட்டுமே சொல்லக்கூடிய சில விஷயங்களும் உண்டு, அவை அங்கே வராது. வாய்மொழி வரலாறு பதிவு செய்தவர்களுக்கு இந்த இரண்டும் தெரியும். அதே பல்கலைக்கழகத்தில் 1973-ல் ஜாக்குலின் ஹால் தொடங்கிய தென் வாய்மொழி வரலாற்றுத் திட்டம் ஆயிரக்கணக்கான பேட்டிகளைச் சேர்த்திருக்கிறது. அந்த அனுபவமும் பக்கத்திலேயே கைகொடுக்க இருந்தது ஒரு வசதி.

என் கணக்கில் பல்கலைக்கழகம் கொடுத்த பெரிய உதவி கருவியோ சேமிப்பு இடமோ இல்லை, விவரப் பட்டியல்தான். நூறு படங்களை ஸ்கேன் செய்வது ஒரு நாள் வேலை. அந்த நூறு படங்களில் இருக்கும் முந்நூறு முகங்களுக்கும் பெயர், உறவு, ஆண்டு, இடம் எழுதுவது ஒரு மாத வேலை. அதைச் செய்யாவிட்டால் கணினியில் இருப்பது ‘படம் 001’ முதல் ‘படம் 100’ வரைதான், பரணில் கிடந்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சமூகத்துக்கு ஞாபகம் இருக்கிறது. அதைத் தேடினால் கிடைக்கும்படி ஒரே மாதிரியாக எழுதும் ஒழுங்கு காப்பாளர்களிடம் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும்.

அந்த மேஜை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். லிஞ்ச்சிலிருந்து சேப்பல் ஹில்லுக்குக் காரில் ஐந்தாறு மணி நேரம் ஆகும். போய்ச் சேர்ந்தாலும், பையை லாக்கரில் வைக்க வேண்டும், பேனா கூடாது, பென்சில் மட்டும் என்று வாசிப்பறை விதிகள். பாதுகாப்புக்குத் தேவையானவைதான். ஆனால் தன் அப்பாவின் படத்தைப் பார்க்க அடையாள அட்டை காட்டி அனுமதி வாங்க வேண்டிய எழுபது வயதுக்காரருக்கு அது வேறு மாதிரிதான் தெரியும். அதனால்தான் காப்பகத்துக்காரர்கள் கூட்டம் நடக்கும் இடத்தைத் தேடிப் போக வேண்டியிருந்தது. சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் எந்த நகரத்திலோ, அங்கே போய் மேஜை போட்டு உட்கார வேண்டும். அங்கே படத்தைக் காட்டினால் நாலு பேர் சேர்ந்து எட்டிப் பார்த்து, இது யாருடைய அண்ணன் என்று சண்டை போட்டே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

இடறிய இடங்கள்

எல்லாம் நன்றாக நடந்தது என்று முடித்துவிட முடியாது. முதல் சிக்கல், பணம் மூன்று ஆண்டுக்கு வந்தது. நம்பிக்கை மூன்று ஆண்டில் வராது. நல்கையில் வேலைக்கு வந்தவர்கள் நல்கை முடிந்ததும் வேறு வேலை தேட வேண்டும். ஊர்க்காரர் ஒருவர் இரண்டு ஆண்டு யோசித்துவிட்டு, சரி, கொடுக்கலாம் என்று போன் செய்யும்போது எடுக்க வேண்டிய ஆள் அங்கே இருக்க மாட்டார். உலகம் முழுக்க இத்தகைய திட்டங்களின் தீராத நோய் இது. சேப்பல் ஹில்காரர்கள் அதற்குப் பார்த்த வைத்தியம், கற்றதை எல்லாம் எளிய கையேடுகளாக எழுதி யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டது. உதவிதான், ஆனால் கையேடு போன் எடுக்காது.

இரண்டாவது சிக்கல் காப்பகத்தின் கையில் இல்லாதது. 2018 ஆகஸ்டில் அந்த வளாகத்தில் நின்ற ‘சைலன்ட் சாம்’ என்ற, உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் (கான்ஃபெடரேட்) சிப்பாய் சிலையைப் போராட்டக்காரர்கள் சாய்த்தார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில், பல்கலைக்கழகங்களின் ஆட்சிக் குழு அந்தச் சிலையையும், அதைப் பராமரிக்க 25 லட்சம் டாலர் நிதியையும் கான்ஃபெடரேட் வாரிசுகள் சங்கம் ஒன்றுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது. உடனே மெலன் அறக்கட்டளை, பல்கலைக்கழகத்தோடு பேசிக்கொண்டிருந்த 15 லட்சம் டாலர் புதிய நல்கையைப் பரிசீலிப்பதை நிறுத்தியது. 2020 பிப்ரவரியில் நீதிபதி அந்த ஒப்பந்தத்தையே ரத்து செய்தார். ஒரு பக்கம் காப்பாளர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கறுப்பின ஊர்களில் கதவு தட்டுகிறார்கள். இன்னொரு பக்கம் அதே பல்கலைக்கழகத்தின் பெயர் இப்படிச் செய்தியில் அடிபடுகிறது. கதவைத் திறப்பவர் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

மூன்றாவது, பேட்டியின் தன்மையிலேயே இருக்கும் சிக்கல். ஒருவர் தன் கதையைச் சொல்லச் சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிறார். ஆனால் தன் கதையை மட்டும் யாரால் சொல்ல முடியும்? மாமா குடித்ததும், பக்கத்து வீட்டில் நடந்ததும், ஆசிரியர் யாரையோ அடித்ததும் கூடவே வரும். அவர்களிடம் யாரும் சம்மதம் வாங்கவில்லை. பத்தாயிரம் பேர் வாழ்ந்து எழுநூறாகச் சுருங்கிய ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், பெயரை மறைத்தாலும் தெரியும். இதற்கு நல்ல தீர்வு என்று ஒன்று கிடையாது. சில பகுதிகளைச் சில காலம் மூடி வைக்கலாம், பேசியவரே பிறகு மனம் மாறினால் கேட்டு நடக்கலாம். எல்லாவற்றையும் இணையத்தில் திறந்துவிடுவதுதான் ஜனநாயகம் என்று நம்புகிறவர்கள் ஒரு சின்ன ஊரில் வாழ்ந்து பார்த்ததில்லை.

கோப்பு வடிவம், சேமிப்புச் செலவு போன்றவையும் உண்டு. பல்கலைக்கழகங்கள் அவற்றைச் சமாளிக்கத் தெரிந்தவை என்பதால் நீட்டவில்லை.

பழைய அலமாரியில் நடந்தது

ஊர் பக்கம் போய் வந்த காப்பாளர்கள் தங்கள் அலமாரியையும் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள் என்று நான் நினைக்கிறேன். வில்சன் நூலகம் தன் பழைய விவரப் பட்டியல்களைத் திருத்தி எழுதும் வேலையை எடுத்துக்கொண்டது. அதற்கு ஒரு வழிகாட்டியும் வெளியிட்டது. பழைய பட்டியலில் ஒரு தோட்ட முதலாளியின் காகிதங்களுக்கு முன்னுரையாக அவருடைய வீரதீரங்கள், பதவிகள், பரம்பரை எல்லாம் ஒரு பக்கம் இருக்கும். அவர் அடிமைகளாக வைத்திருந்தவர்கள் ஒரு வரியில் முடிவார்கள், பெயர் இருக்காது. கணக்குப் புத்தகத்துக்குள் பெயர்கள் இருக்கும், ஆனால் வெளியே பட்டியலில் இல்லாததால் தேடினால் கிடைக்காது. திருத்திய பட்டியலில், அடிமைப்படுத்தப்பட்டவர்கள் யார் யார் என்பது தெரிகிற இடங்களில் அவர்கள் பெயர் மேலே வருகிறது. மனைவிகள் இனி ‘திருமதி இன்னார்’ என்று கணவர் பெயருக்குள் ஒளிய வேண்டியதில்லை. மீண்டும் அதே வேலைதான், முகத்துக்குப் பெயர் எழுதுவது.

இப்போது அந்த நூலகத்தின் தேடல் பெட்டியில் அலபாமா என்று தட்டினால் இரண்டு விதமான ஆவணங்கள் வருகின்றன. ஒன்று, 1930களில் காரில் வந்து இறங்கிய பெட்டிகள்: பருத்தி எடை, பண்டமாற்று, ஒற்றைப் பெயர்களின் நீண்ட வரிசை. மற்றொன்று, அலபாமாவிலிருந்து அப்பா எப்படிக் கிளம்பி வந்தார் என்று தன் குரலில் சொல்லும் லிஞ்ச்காரர் ஒருவரின் பதிவு. முதலாவதன் அசல் வில்சன் நூலகத்துப் பெட்டகத்தில் இருக்கிறது. இரண்டாமவரின் அப்பா படம், கண்ணாடிச் சட்டத்தோடு, வடக்கே ஏதோ ஒரு வீட்டு வரவேற்பறைச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது.